பெயர் பிழைத்த திராட்சை

புனே நகரில் ஆய்வு மாணவர்கள் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் நடந்த மாநாடு ஒன்றுக்குச் சென்று திரும்பியிருந்தார் அவர்களுள் மூத்தவர். பெட்டியில், துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி, ஒரு சிவப்பு ஒயின் புட்டியைக் கொண்டுவந்திருந்தார். அன்று சனிக்கிழமை. சமையல் முறை பிகாரின் சிவான் மாவட்டத்து இளைஞருடையது. அவர் அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டுக்கொண்டிருந்தார். புட்டி திறக்கப்பட்டது. எஃகு டம்ளர்களில் ஒயின் ஊற்றப்பட்டது. முதல் மிடறு குடித்தவர் அந்த இளைஞர்தான். முகத்தைச் சுளித்து, டம்ளரை மீண்டும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "தீதி, இது கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே. பச்சைக் குடைமிளகாய் வாடை அடிக்கிறது" என்றார்.

அவருடைய மூக்கு பொய் சொல்லவில்லை. ஒயினும் கெட்டுப்போகவில்லை. புட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'கார்மெனேர்' என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் திராட்சைக்கு அந்த வாடை பிறவிக் குணம். ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு மேல் அது குணமாகக் கருதப்படவில்லை, குறையாகவே கருதப்பட்டது. காரணம், அத்தனை காலமும் அந்தக் கொடி வேறொரு திராட்சையின் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது.

முதலில் அந்த வாடையைப் பற்றிச் சொல்லவேண்டும். குடைமிளகாயை நறுக்கும்போது எழும் மணத்துக்கு முதன்மையான காரணம் பைரசீன் என்னும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள். 1969இல் குடைமிளகாயிலேயே அது அடையாளம் காணப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் இரண்டு நானோகிராம் அளவு கரைந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதே பொருள் சில திராட்சை இனங்களிலும் உண்டு. காபர்னே ஃப்ராங், காபர்னே சோவிஞோன், கார்மெனேர் ஆகியவை அவற்றுள் அடங்கும். காய் பசுமையாக இருக்கும்போது இது மிகுந்திருக்கும். பழம் முதிர முதிர, கொத்தின் மேல் வெயில் விழ விழ, குறைந்துகொண்டே வரும். கார்மெனேரில் இதன் அளவு இயல்பாகவே கூடுதல். ஆகவே அது முற்றும் கனியும்வரை காத்திருந்து பறிப்பது, வேறு பல இனங்களைக் காட்டிலும் இதற்கு இன்றியமையாதது. இந்த வரலாறு முழுவதும் அந்தக் காத்திருப்பைச் சுற்றியே நடந்தது.

கார்மெனேரின் பிறந்தகம் பிரான்சின் போர்தோ வட்டாரம். குறிப்பாக மெதோக் பகுதி. காபர்னே ஃப்ராங் அதன் பெற்றோருள் ஒன்று. மெர்லோவுக்கும் காபர்னே சோவிஞோனுக்கும் அதுவே பெற்றோருள் ஒன்று என்பதால், இம்மூன்றும் உடன்பிறப்பு முறை ஆகின்றன. நல்ல நிறமும் செறிவும் தந்தபோதிலும், உழவர்களுக்குக் கார்மெனேர் தொல்லை மிகுந்த கொடியாகவே இருந்தது. வசந்தத்தில் குளிரோ மழையோ நீடித்தால் பூக்கள் உதிர்ந்து காய் பிடிக்காது. இலையுதிர்காலம் ஈரமாக இருந்தால் பழம் கனியாது. 1860களில் ஃபிலாக்சரா பிரான்சில் பரவத் தொடங்கியது. அசுவினிக்கு நெருங்கிய உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அச்சிறு பூச்சி வேர்களைத் தாக்கித் தோட்டம் தோட்டமாகக் கொடிகளை அழித்தது. பின்னர் அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுநடவு செய்தபோது, உழவர்கள் விளைச்சல் உறுதியுள்ள இனங்களையே தேர்ந்தெடுத்தனர். கார்மெனேரை மீண்டும் நட்டவர் மிகச் சிலரே. போர்தோவில் அது ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே கொடி கப்பலேறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலியின் செல்வக் குடும்பங்கள் போர்தோவிலிருந்து திராட்சைத் தண்டுகளை வரவழைத்துத் தம் நிலங்களில் நட்டன. கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக் கடல், வடக்கே அதகாமா பாலைவனம், தெற்கே பனிநிலம் என்று நாற்புறமும் காவல் அமைந்த நாடு அது. ஃபிலாக்சரா இன்றுவரை அங்கே காலூன்றவில்லை. பிரான்சில் அழிந்த கொடி, சிலியில் தன் சொந்த வேரிலேயே தழைத்தது. உயிர் தப்பியது, பெயர் மட்டும் வழியில் தொலைந்தது. மெர்லோத் தண்டுகளோடு கலந்து நடப்பட்டதால், ஒரே வரிசையில் இரண்டும் அக்கம்பக்கமாக வளர்ந்தன. இலையும் கொத்தும் மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றின. இரண்டுக்கும் மெர்லோ என்ற ஒரே பெயர் நிலைத்தது.

மொழியியல் படிப்பவர்கள் முதல் பருவத்திலேயே கற்கும் பாடம் ஒன்றுண்டு. சொல்லுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இயற்கையான உறவு இல்லை என்பது அந்தப் பாடம். நம் இலக்கண மரபு இடுகுறி என்று ஒரு வகையைப் பிரித்துவைத்திருப்பதும் இந்த அறிவினால்தான். அப்படியானால் ஒரு கொடியை மெர்லோ என்றழைத்தால் என்ன, கார்மெனேர் என்றழைத்தால் என்ன? பழம் மாறிவிடுமா?

மாறியது. மெர்லோ முன்கூட்டியே கனியும் இனம். கார்மெனேர் அதற்கு மூன்று நான்கு வாரங்கள் பின்தங்கிக் கனிவது. தென்கோளத்தில் உள்ள சிலியில் அறுவடைக் காலம் ஏறத்தாழ மார்ச்சு முதல் மே வரை. மெர்லோவின் நாட்காட்டிப்படி வரிசை முழுவதையும் பறித்தால், மெர்லோ பழுத்திருக்கும். கார்மெனேர் இன்னும் பச்சையாக இருக்கும். கார்மெனேருக்காகக் காத்திருந்தால் மெர்லோ அளவுமீறிக் கனிந்து பழக்கூழின் சுவைக்குப் போய்விடும். இரண்டையும் ஒரே தொட்டியில் இட்டு நொதிக்கவைத்தால் கிடைப்பது, பாதி காயும் பாதி கூழுமான ஒரு மது. சிலி மெர்லோவில் ஒரு பச்சை வாடை உண்டு என்று ஒயின் சுவைஞர்கள் நெடுநாள் சொல்லிவந்தது இதைத்தான். மண்ணைக் குறைசொன்னார்கள். நீர்ப்பாய்ச்சலைக் குறைசொன்னார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தது. நீர் மிகுந்து இலை அடர்ந்தால் பைரசீன் குறையாமல் தங்கிவிடும். ஆனால் முதல் தவறு பெயரில் இருந்தது. பெயரோடு சேர்ந்து வருவது ஓர் ஒலி மட்டுமன்று. எப்போது பறிக்கவேண்டும், எவ்வளவு நீர் பாய்ச்சவேண்டும், எந்தச் சுவையை எதிர்பார்க்கவேண்டும் என்ற அறிவுத் தொகுதி முழுவதும் அதனோடு வருகிறது. கொடிக்கு இட்ட பெயர் தவறானபோது, அந்த அறிவும் தவறான கொடிக்கு உரியதாகிவிட்டது.

தோட்டத்தில் உழைத்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. 'மெர்லோ சிலேனோ', அதாவது சிலி மெர்லோ, என்ற வழக்கு அங்கே இருந்தது. இந்த மெர்லோ மற்ற மெர்லோ போன்றதன்று என்பதை உணர்ந்தவர்கள்தாம் அந்த அடைமொழியைச் சேர்த்திருக்கவேண்டும். அறிஞர்கள் கண்டறிவதற்கு முன்பே, மக்கள் வழக்கு ஓர் அடைமொழியின் வழியாக அந்த வேற்றுமையைப் பதிவுசெய்துவைத்திருந்தது.

அடைமொழி உண்மைப் பெயராக மாறிய நாள் 1994 நவம்பர் 24. மாநாடு ஒன்றுக்காகச் சிலிக்கு வந்திருந்தார் மோம்பெலியேயைச் சேர்ந்த ழான் மிஷேல் பூர்சிகோ. இலை, தளிர், பூ ஆகியவற்றின் வடிவத்தைக் கொண்டு திராட்சைக் கொடியின் இனத்தை அறியும் துறையில் அவர் வல்லுநர். சாந்தியாகோவை அடுத்த மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தைப் பார்வையிட்டபோது, மெர்லோ என்று சொல்லப்பட்ட வரிசையில் அவர் நின்றுவிட்டார். அங்கே அது வசந்தகாலம், கொடிகள் பூத்திருந்தன. பூவின் மகரந்தத் தாள்கள் நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தன. மெர்லோவின் இளந்தளிர் வெண்மையான மென்மயிருடன் இருக்கும். இங்கே தளிர்கள் செம்மை படர்ந்திருந்தன. இது மெர்லோ அன்று, போர்தோவில் மறைந்துபோன கார்மெனேர் என்று அவர் அறிவித்தார். பின்னர் மரபணு ஆய்வும் அதையே உறுதிசெய்தது.

இந்தச் செய்தியை எல்லாரும் மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. அக்காலத்தில் அயல்நாட்டுச் சந்தையில் மெர்லோ நன்கு விற்பனையான பெயர். கார்மெனேரோ எவரும் கேள்விப்படாதது. விற்கும் பெயரை விட்டுவிட்டு விற்காத பெயரை ஏற்பதற்கு வணிகர்கள் தயங்கியது இயல்பே. அரசின் பட்டியலிலும் அப்பெயர் இன்னும் இடம்பெற்றிருக்கவில்லை. ஆகவே கார்மென் நிறுவனமே தன் முதல் புட்டிகளில் 'கிராந்த் விதூர்' என்ற பழைய மாற்றுப் பெயரை இட்டது. 1998இல் சிலியின் வேளாண் அமைச்சகம் கார்மெனேரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேரில் அது பயிராகிறது. நவம்பர் 24 ஆண்டுதோறும் கார்மெனேர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இதே கொடி வடகிழக்கு இத்தாலியில் காபர்னே ஃப்ராங் என்றும், சீனத்தில் காபர்னே கெர்னிஷ்ட் என்றும் வேற்றுப் பெயர்களில் வாழ்ந்துவந்ததும் வெளிப்பட்டது.

அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு சுவையான செய்தி உண்டு. கார்மெனேர் ஒரு காரணப்பெயர். இலையுதிர்காலத்தில் இதன் இலைகள் ஆழ்ந்த சிவப்பாக மாறுவதால், அந்நிறத்தைக் குறிக்கும் 'கார்மின்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் அமைந்தது என்று விளக்கம் தரப்படுகிறது. கார்மின் என்பது அரபியின் 'கிர்மிஸ்' வழியாக வந்தது. பூச்சிகளை உலர்த்திப் பொடித்து எடுத்த செஞ்சாயத்தின் பெயர் அது. அதன் வேர், புழுவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'கிர்ம்'. சமற்கிருதத்தின் 'க்ருமி' அதன் உறவு. தமிழில் வழங்கும் 'கிருமி' அங்கிருந்து வந்ததுதான். பிரான்சில் ஒரு சிறு பூச்சியால் அழிந்த கொடியின் பெயர், கிருமி என்ற சொல்லுக்குத் தூரத்து உறவு.

உரிய பெயர் கிடைத்த பிறகு உழவர் செய்த மாற்றங்கள் எளியவை. மெர்லோவையும் கார்மெனேரையும் பிரித்துப் பறித்தனர். கார்மெனேரை ஏப்பிரல் இறுதிவரை, சில இடங்களில் மே வரை, கொடியிலேயே விட்டுவைத்தனர். கொத்துகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் படச் செய்தனர். சிலியின் வறண்ட, நீண்ட இலையுதிர்காலம் அந்தக் காத்திருப்புக்கு இடம் கொடுத்தது. போர்தோவில் இதற்குக் கிடைக்காத காலநிலை, இங்கே நூறாண்டுகளாகப் பயன்படாமல் காத்திருந்தது.

நன்கு கனிந்த கார்மெனேர் ஊதா கலந்த கருஞ்சிவப்பு நிறம் கொண்டது. முதலில் எழுவது கரும்பிளம், நாவற்பழம் போன்ற கரும்பழங்களின் மணம். பின்னணியில் கொக்கோ, புகையிலை, மிளகு. குடைமிளகாய் மணம் முற்றிலும் போய்விடுவதில்லை. பச்சையாக இருந்தது, நெருப்பில் வாட்டித் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாயின் மணமாக மாறிவிடுகிறது. புளிப்பு குறைவு. நாவில் தங்கும் பிடிப்பு மென்மையானது. இந்தப் பிடிப்பை ஒயின் நூல்கள் டானின் என்பதன் வழியாக நீட்டி விளக்கும். தமிழருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணும் மொழி இது. வாழைப்பூவையும் பாக்கையும் அறிந்த நாக்குக்கு டானின் புதியதன்று. காபர்னே சோவிஞோனின் துவர்ப்பு இளம் பாக்கைப் போல இறுகப் பிடிக்கும் என்றால், கார்மெனேரின் துவர்ப்பு நாவற்பழம் தின்றபின் நாவில் படரும் துவர்ப்பைப் போன்றது.

இந்தக் குணங்களே இதற்குரிய உணவையும் முடிவுசெய்கின்றன. சிலியில் இதை மக்காச்சோளக் கூழின் கீழே கொத்திறைச்சியும் வெங்காயமும் வைத்து அடுப்பிலிட்ட 'பாஸ்தெல் தே சோக்லோ'வுடனும், சீரகம் சேர்த்த இறைச்சிப் பூரணம் நிறைந்த 'எம்பனாதா'வுடனும், தணலில் வாட்டிய இறைச்சியுடனும் அருந்துகிறார்கள். மபூச்சே மக்களின் புகையூட்டிய மிளகாய்ப் பொடியான 'மெர்க்கேன்' தூவிய உணவும் இதற்கு இணங்கும். சீரகம், புகை, வாட்டிய காய் ஆகியவற்றின் மணம் ஒயினின் மணத்தோடு கைகோக்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கின்றன. எதனோடு சேராது என்பதையும் சொல்லவேண்டும். புளிப்பு குறைந்த ஒயின் என்பதால், புளிக்குழம்பு போன்ற கடும்புளிப்பு உணவின் முன் இது உயிரிழந்து தட்டையாகத் தோன்றும். மிளகாய்க் காரம் மிகுந்தால் மதுவின் எரிச்சலும் மிகும். மிளகும் சீரகமும் தூக்கலாக, மிளகாய் அளவாக அமைந்த ஆட்டிறைச்சி வறுவலுக்கு இது நல்ல துணை. பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ். 'அறை வெப்பநிலை' என்று நூல்கள் கூறுவது ஐரோப்பிய அறையை. இந்தியக் கோடையில் புட்டியை அரைமணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்தெடுப்பது நலம்.

அந்தப் புனே வீட்டில் அன்று நடந்ததும் இதுவே. மூத்தவர் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, சிவான் இளைஞரிடம் அடுப்பிலிருந்த கத்தரிக்காயைக் காட்டி, "சோக்காவோடு சேர்த்துக் குடித்துப் பார்" என்றார். லிட்டி சோக்கா பிகாரின் உணவு. வறுத்த கடலைமாவான சத்துவில் ஓமமும் கருஞ்சீரகமும் சேர்த்துப் பூரணமாக்கி, கோதுமை உருண்டைக்குள் வைத்துத் தணலில் சுட்டால் லிட்டி. சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துப் பூண்டும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் சோக்கா. அரைமணி நேரத்துக்குப் பின் அவர் ஒரு கவளம் உண்டு ஒரு மிடறு குடித்தார். கத்தரிக்காயின் புகை மணத்தோடு சேர்ந்ததும் அந்தப் பச்சை வாடை தனித்து நிற்கவில்லை. "இப்போது இது வாடையில்லை, மசாலா" என்று சிரித்தார்.

பிறகு மூத்தவர் கார்மெனேரின் கதையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தாய்மொழி போஜ்புரி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழி என்று குறித்தவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர். ஆனால் அவர்கள் அனைவரும் இந்தி என்ற தலைப்பின் கீழேயே கூட்டப்பட்டனர். இந்தி பேசுவோர் 52 கோடிக்கும் மேல் என்னும் எண்ணில் அவர்களும் அடக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரியர்சன் தம் இந்திய மொழி ஆய்வில் போஜ்புரியை இந்தியோடு சேர்க்கவில்லை. வங்கம், ஒடியா, அசாமியம் ஆகியவற்றோடு கிழக்குக் குழுவில் வைத்தார். கணக்கெடுப்பின் தலைப்புகள் வேறு வழியில் சென்றன. இந்நிலை வடக்குக்கு மட்டும் உரியதன்று. நீலகிரியின் படுகமொழி அதே கணக்கெடுப்பில் கன்னடத்தின் கீழ் எண்ணப்பட்டிருக்கிறது.

"நான்காம் வகுப்பில் 'மேரா கிதாப்' என்று எழுதியதற்கு அடிவாங்கினேன்" என்றார் அவர். இந்தியில் புத்தகம் பெண்பால். 'மேரீ' என்று எழுதவேண்டும். உயிரற்ற பொருள்களுக்குப் பால் பிரித்து அதற்கேற்ப அடைச்சொல்லை மாற்றும் வழக்கம் போஜ்புரியில் இல்லை. தன்னைச் சுட்ட 'மைம்' என்னாமல் 'ஹம்' என்று சொன்னதற்கும் வகுப்பு சிரித்ததாம். "இந்தி தெரியாதவன் என்று யாரும் சொல்லவில்லை, தீதி. இந்தியைக் கெடுக்கிறவன் என்றுதான் சொன்னார்கள். மொழியியல் படிக்க வந்தபிறகுதான், நான் பேசியது பிழையான இந்தி அல்ல, பிழையில்லாத போஜ்புரி என்று தெரிந்தது."

கொடியும் மொழியும் ஒன்றல்ல. கார்மெனேரா மெர்லோவா என்பதை மரபணு ஆய்வுக்கூடம் ஐயமின்றிச் சொல்லிவிடும். ஒரு பேச்சு தனிமொழியா கிளைமொழியா என்பதைத் தீர்த்துச் சொல்ல அப்படி ஓர் ஆய்வுக்கூடம் கிடையாது. பேசுவோரின் விருப்பமும் அரசியலும் வரலாறும் அதில் கலந்தே நிற்கும். இந்தியைத் தம் மொழியாக மனமார ஏற்கும் போஜ்புரி மக்களும் உண்டு. ஆயினும் வகுப்பறையில் நிகழ்வது தோட்டத்தில் நிகழ்ந்ததே. ஒன்றின் நாட்காட்டியை மற்றொன்றின் மேல் சுமத்தி, உரிய காலத்துக்கு முன் பறித்து, பச்சையாக இருக்கிறது என்று பழிப்பது. தனக்கென ஒரு பெயர் இருந்திருந்தால், அந்தச் சிறுவனின் சொற்றொடர் வேறோர் இலக்கணத்தின் சான்றாகக் கருதப்பட்டிருக்கும். அடியும் விழுந்திராது.

அன்றிரவு புட்டி காலியான பிறகு அவர் அதைக் கழுவி, ஒட்டுத்தாள் கிழியாமல் துடைத்து, சன்னலோரம் வைத்தார். மறுநாள் காலை ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக நண்பர்கள் இருக்கும்போது இந்தி கலந்தே பேசுபவர், அன்று கூடத்தின் நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தாமல், போஜ்புரியிலேயே பேசி முடித்தார்.